சிரித்துக்கொண்டே சொன்ன பிள்ளை

கம்பளைக் கடைத்தெருவில் சிரிப்புக்குத் தனி விலை கிடையாது. ஆனால் சிரிப்பில்லாமல் ஒரு முழத் துணிகூட அங்கே விலை போனதில்லை. மோகனராஜ் அந்தத் தெருவில் கால் நூற்றாண்டாகச் சாரிக்கடை வைத்திருக்கிறார். சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கி, ஈரக் காலோடு வாசலில் நிற்கும்போதே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்காரும். வந்தவள் பொட்டலத்தோடு வெளியே போகும்வரை அது எழுந்திருக்காது.

"என்னங்க மொதலாளி, கையில எடுத்தா வாழைச்சருகு மாதிரி இருக்கு. இதையா சீலைன்னு விரிச்சுப் போட்டிருக்கீங்க?" என்று அவள் முகத்தைச் சுளிப்பாள். அவளுக்கு அந்தச் சீலைதான் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வேண்டும் என்கிற பொருளைப் பழிக்காமல் வாங்கினவன் அந்தத் தெருவில் உருப்பட்டதில்லை.

மகள் நிரஞ்சனி அந்தக் கடைக்குள்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கலைந்து கிடக்கும் சாரிகளை மடித்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லுவாள். ஒருநாள் வகுப்பில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்து நின்றாள். கடை நிறைய ஆள். மோகனராஜ் அவளைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"மூஞ்சியத் தொடச்சிட்டு வா. மூஞ்சி கடை மாதிரி தொறந்து இருக்கணும். மனசு காசு போடுற லாச்சி மாதிரி பூட்டி இருக்கணும். வெளங்குச்சா?"

விளங்கிவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு தரம் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. மோகனராஜுக்கு அதில் ஒரு பெருமைகூட. கண்டியில் அம்பிட்டிய மேட்டில், ஆஸ்பத்திரியோடு ஒட்டினாற்போல் இருக்கும் தாதியர் கல்லூரிக்கு அவள் தெரிவானபோது, "எம் மக மூஞ்சியப் பாத்தாலே பாதி நோய் போயிரும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் வருஷம், ஐப்பசி மழை. ஒரு வார லீவில் வீட்டுக்கு வந்தவளிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் அம்மா கலாராணி.

"என்னங்க, இவ சிரிக்கிறது எனக்குப் புடிக்கல."

மோகனராஜ் ரொட்டியைப் பிய்த்துக் கட்டசம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார். "சிரிக்கிறதுக்குமா வரி போடுவ?"

"வெளையாடாதீங்க. எங்கம்மா தெவசத்துக்குப் படத்துக்கு முன்னால சிரிச்சிக்கிட்டு நிக்கிறா. சுடுதண்ணி கையில ஊத்திருச்சு, 'ஒன்னுமில்லம்மா'ன்னு சிரிக்கிறா. காலையில எழுப்பப் போனா தூக்கத்துலயும் வாய் அப்படியே இருக்கு. பாத்துட்டு எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு."

"படிப்புல களைச்சுப் போயிருப்பா. இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடு."

இஞ்சித் தேத்தண்ணியால் தீருகிற விஷயமாக அது இருக்கவில்லை. லீவு முடிந்து அவள் போன வாரமே கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. தகப்பன் உடனே வர வேண்டுமாம்.

மோகனராஜ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பையும் வாங்கிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினார். வெறுங்கையோடு பேச்சுவார்த்தைக்குப் போவது அவர் வழக்கமல்ல. அம்பிட்டிய பஸ் மேட்டில் முக்கி முனகி ஏறி அவரைக் கல்லூரி வாசலில் இறக்கியபோது, பெஞ்சில் மகள் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் சிரித்தாள்.

பிரின்சிபல் மெடமும் சிரித்தார். அப்படிச் சீரான சிரிப்பைக் கடைத்தெருவில்கூட அவர் பார்த்ததில்லை. மஸ்கட் பெட்டியை மேசை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மெடம் சிங்களத்தில் பேசினார். மோகனராஜுக்குச் சந்தைச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

விஷயம் இதுதான். குளவி கொட்டி வந்த ஒரு தோட்டத்துப் பெண் வார்டில் இறந்துவிட்டாள். அந்தச் செய்தியைப் புருஷனிடம் சொன்னபோது நிரஞ்சனி சிரித்திருக்கிறாள். அவன் அழுது சத்தம் போட்டு முறையிட்டிருக்கிறான்.

"உங்கள் மகளுக்கு உணர்ச்சிக் கட்டுப்பாடு இல்லை" என்றார் மெடம்.

மோகனராஜின் கண் மெடத்தின் தலைக்கு மேலே இருந்த படத்தில் நின்றது. கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து உணர்ச்சிகளை அடக்கியாள்வது எப்படி என்று பயிலரங்கு நடத்திய படம். பிள்ளைகள் எல்லோர் கையிலும் பலூன். கவலையை அதற்குள் ஊதி முடிச்சுப் போட்டுவிட்டுப் புன்னகையோடு வார்டுக்குப் போக வேண்டுமாம். முதல் பரிசு வாங்கிக்கொண்டு நடுவில் நிற்பது நிரஞ்சனி.

"மெடம், அந்தப் படத்துல..."

"அது போன மாதம்" என்றார் மெடம்.

மகளின் படிப்பு இப்போது எதிராளியின் கையில் இருக்கிற சரக்கு. அதை எப்படி வாங்குவது என்று அவருக்கு ஒரு வழிதான் தெரியும்.

"அவ சின்னதிலேருந்தே அப்படித்தான் மெடம். ஒரு மாதிரி. எதுக்குச் சிரிக்கணும், எதுக்கு அழணும்னு தெரியாது. வீட்டுலயே நாங்க இத ஒரு கணக்கா எடுக்கிறதில்ல. நீங்கதான் பெரிய மனசு பண்ணி ஒரு ஆளாக்கி விடணும்."

இதற்கு எதிராளி என்ன சொல்ல வேண்டும் என்பதும் ஊர் அறிந்ததுதான். "சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க, நல்ல பிள்ளை" என்று சொல்ல வேண்டும். பாத்திரக்கடைக்காரன் சொல்வான், மீன்காரி சொல்வாள். மெடம் சொல்லவில்லை. பேனாவை எடுத்தார்.

"சின்ன வயதிலிருந்தே என்கிறீர்களா? சேரும்போது இதை நீங்கள் அறிவிக்கவில்லையே."

"இல்ல மெடம், நான் ஒரு பேச்சுக்கு..."

"பரவாயில்லை. நீங்களே ஒப்புக்கொண்டது நல்லது. நமக்கு வேலை சுலபம்."

அறைக்குள் ஒரு இயந்திரம் முனகியது. மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மனநிலைக் குறைபாடு உண்டு என்று தகப்பன் ஒத்துக்கொள்வதாகவும், மனநல வைத்தியர் சுகம் என்று எழுதித் தரும்வரை அவள் வீட்டில் இருப்பாள் என்றும் அச்சடித்து வந்தது. இரண்டு கொப்பி, இரண்டும் கல்லூரிக் கோப்புக்கு. இரண்டிலும் சீல் குத்தினார்கள். எதிர்த்துப் பேசினால் முழுசாக நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மோகனராஜ் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவும் மகளும் பேராதனை தாண்டிவிட்டார்கள். பஸ் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"உள்ள என்னப்பா சொன்னீங்க?"

சொன்னார். மறைக்கத் தெரியவில்லை.

நிரஞ்சனி சிரித்தாள். "சாயம் போன சீலைக்குச் சொல்றதையெல்லாம் எனக்குச் சொல்லிருக்கீங்க. அவங்க நம்பிட்டாங்க. என்னைய வித்துட்டு வந்துட்டீங்கப்பா."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் நாநா மறுநாள் காலையிலேயே மோப்பம் பிடித்துவிட்டார். "என்ன மோகன், கட தொறந்து ஈக்கி, ஒன்ட மொகம் பூட்டி ஈக்கி?"

மோகனராஜ் எல்லாவற்றையும் கொட்டினார். நாநா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட மனுசா! ஒபிஸ்ல போய் யாவாரம் பேசுவாங்களா? நாங்க கடையில செல்றத அந்த எடத்துலயே மறந்துர்ற. ஒபிஸ்ல செல்றத எழுதிர்ற. ஒன்ட புள்ள நல்ல புள்ளயா இல்லயா, அத நேரா செல்லி இருந்தா வாய் வெந்தா போயிரும்?"

"பழகின வாய் நாநா."

"ம்ம். பழகின வாயால ஒரு புள்ளட மானத்தயும் சேத்து வித்து வெச்சீக்கி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். நாநா சொன்னது உண்மை. உண்மையோடு என்ன சண்டை பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சனியின் தலையணை, வாளி, புத்தகங்களோடு ஷஹ்மா வந்து இறங்கினாள். அலவத்துகொட ஊர்ப் பிள்ளை, விடுதியில் இவளோடு ஒரே அறை. கலாராணி கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், வந்த வேகத்தில் ஆரம்பித்தாள்.

"அங்கிள், அன்ட்டி, இவ ஒங்களுக்கு ஒண்டும் செல்லி ஈக்க மாட்டா. நான் செல்றன். எங்கட பெட்ச்ல தமிழ் தெரிஞ்சது நாங்க ரெண்டு பேர்தான். என்ன பிள்ளப்பேறு வார்ட்ல போட்டாங்க. அங்க நான் செல்றதெல்லாம் மகன் பொறந்தீக்கி, மகள் பொறந்தீக்கி. எனக்கு டொபி தருவாங்க, கன்னத்துல முத்தம் தருவாங்க. இவள மத்த எல்லா வார்ட்டுக்கும் கூப்புடுவாங்க. காலை வெட்டணும், போய் செல்லு. புத்துநோய், போய் செல்லு. பிள்ள மவுத்தாப் போச்சு, போய் செல்லு. டொக்டர் சிங்களத்துல ரெண்டு வார்த்த செல்லிட்டுப் போயிருவார். சிஸ்டர் தூரத்துல நிண்டு பாத்துக்கிட்டு ஈப்பா. படிக்க வந்த புள்ள அங்கிள் இவ. டியூட்டி முடிஞ்சு சோத்துல கை வெச்சாலும் 'தெமிழ் நங்கி' எங்க, தமிழ்த் தங்கச்சி எங்கன்டு ஆள் வரும்."

கலாராணி மகளைப் பார்த்தாள். "எத்தன பேருக்குடி சொன்ன?"

"எண்ணலம்மா."

"ஒருநாள் இவ ஒரு பொம்புளயோட சேந்து அழுதுட்டா" என்றாள் ஷஹ்மா. "அதுக்கு ஏச்சு. நோயாளிக்கு முன்னால அழக் கூடாதாம். அதுக்குப் பொறகுதான் அந்த பலூன் கூத்து. இவ நல்லாப் படிச்சிட்டா, வேறென்ன? ரத்தினம்மான்டு அந்தக் குளவி கொட்டின பொம்புள, மூணு நாளா இவள்ட கையப் புடிச்சிக்கிட்டுத்தான் படுத்தீந்தா. அவ முடிஞ்சதும், புருஷன் காளிமுத்துக்கு இவதான் செல்லணும்டு அனுப்பிட்டாங்க. நானும் அந்த நேரம் கொரிடோர்ல நிண்டன். வாய் சிரிக்குது அங்கிள். கை ரெண்டும் நடுங்குது. அந்த மனுசன் அடிக்கக் கைய ஓங்கிட்டார். பொறகு கையப் பாத்தார். பாத்துட்டு, ஓங்கின கையால இவள்ட தலையத் தடவி, 'ஒனக்கு என்னம்மா ஆச்சு'ன்டு கேட்டு அழுதார். சிஸ்டர்ட்ட போய் அவர் சத்தம் போட்டது, 'இந்தப் புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, நீங்க யாருமே பாக்கலியா'ன்டு. அதச் சிங்களத்துல செல்ல அங்க யார் ஈந்தா? இவளத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே. சத்தம் போட்டா முறைப்பாடு. எழுதிட்டாங்க. நான் போய்ச் சென்னன். 'உன் வார்டைப் பார்'ன்டாங்க."

கலாராணி எழுந்தாள். அவள் தோட்டத்தில் பிறந்து கடைத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கோபம் வந்தால் தோட்டம் திரும்பி வந்துவிடும்.

"எங்க லயத்து வீடுகள்ல எழவு விழுந்தா, அடுத்த தோட்டத்துக்குக் கேதம் சொல்ல ஒரு ஆள அனுப்புவாங்க. அந்த ஆளுக்கு மொதல்ல வயிறு நெறையச் சோறு போடுவாங்க. தனியா அனுப்ப மாட்டாங்க, தொணைக்கு ஒருத்தன் போவான். திரும்பி வந்தா குளிக்கச் சுடுதண்ணி வெச்சிருப்பாங்க. ஒன்னும் படிக்காத சனங்க. அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, சாவச் சொல்லிட்டு வர்றவனுக்கும் ஒரு நெஞ்சு இருக்குன்னு. எம் புள்ளைக்கு இவங்க என்னத்தக் குடுத்தாங்க? பலூன் குடுத்திருக்காங்க!"

அவள் மகளின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "அழுடி. இங்க யாரு இருக்கா? அழு!"

"வர மாட்டேங்குதும்மா" என்றாள் நிரஞ்சனி. வாய் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "பூட்டினது தொறக்க மாட்டேங்குது."

மோகனராஜ் எழுந்து பின்வாசலுக்குப் போனார். பூட்டுப் போட்ட கை யாருடையது என்று அந்த வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவர் கடையைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பளையில் ஒரு சாரிக்கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்துச் சாவு வீடோ என்று நாலு பேர் விசாரித்தார்கள். அப்பாவும் மகளும் அம்பிட்டிய பஸ்ஸில் இருந்தார்கள். மஸ்கட் பெட்டி இல்லை.

மெடம் சிரித்தார். "வைத்தியரின் கடிதம் கிடைத்துவிட்டதா?"

"இல்ல மெடம். அன்னைக்கு நான் சொன்னது பொய். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"எது பொய்?"

"சின்னதிலேருந்தே இப்படின்னு சொன்னது. அது யாவாரப் பேச்சு. வேணுங்கிறதக் குறை சொல்றது எங்க பழக்கம். எம் மகளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை இங்க வந்துதான் உண்டாச்சு."

"நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்."

"புத்தியில்லாமப் போட்டேன். மெடம், சாவு சொல்றது யார் வேலை? டொக்டர் வேலை. பெரிய நர்ஸ் வேலை. படிக்க வந்த புள்ளைய வார்ட் வார்ட்டா எழவு சொல்ல அனுப்பினது யாரு?"

"மொழி தெரிந்தவர் உதவுவது சேவை."

"சேவையா? சேவை செஞ்சதுக்கா பைத்தியம்னு சீல் குத்தி வெச்சிருக்கீங்க? அழுதா குத்தம், சிரிச்சா குத்தம். அப்ப மூஞ்சிய எங்க கழட்டி வெச்சிட்டு வரச் சொல்றீங்க?"

"உங்களுக்குக் கோபம் வருகிறது" என்றார் மெடம், சிரிப்பு கலையாமல். "மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். மனசுக்குள் பத்துவரை..."

"இழுத்த மூச்சு போதும் மெடம்!"

மோகனராஜ் மேசையில் அடித்த அடியில் பேனாக்கூடு கவிழ்ந்தது. கால் நூற்றாண்டில் அவர் ஒரு மேசையிலும் அடித்ததில்லை. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அலறியது.

மெடம் எடுத்தார். மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. தேயிலை ஃபெக்டரி இயந்திரத்தில் சிக்கின ஒரு ஆள், காலை எடுக்க வேண்டும், தியேட்டர் தயார். பெண்சாதி, என்ன நடக்கிறது என்று தமிழில் சொன்னால்தான் விடுவேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஷஹ்மாவைக் கூப்பிடுங்கள்" என்றார் மெடம். மறுமுனை ஏதோ சொன்னது. மெடத்தின் சிரிப்பில் முதன்முதலாக ஒரு கீறல் விழுந்தது. "என்ன? பிள்ளை பிறந்ததைச் சொல்கிற தமிழ் மட்டும்தான் தெரியும் என்கிறாளா?"

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மெடம் மெல்ல நிரஞ்சனியின் பக்கம் திரும்பினார். "மகள், ஒரு ஐந்து நிமிஷம்..."

மோகனராஜின் தொண்டைக்குள் ஒரு தெருவின் தொழிலே எழுந்து நின்றது. எதிராளி தன் தேவையைக் காட்டிவிட்டான். இனி விலை நம் கையில். அவர் வாயைத் திறந்தார்.

"பேரம் பேசாதீங்கப்பா" என்றாள் நிரஞ்சனி.

திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு துடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தன் மகளின் முகத்தைப் பார்ப்பது போல அவருக்கு இருந்தது.

"மெடம், நான் பைத்தியமா, நர்ஸா? ஒன்னச் சொல்லுங்க. பைத்தியம்னா நோயாளிகிட்ட அனுப்பக் கூடாது. நர்ஸ்னா அந்தக் கடதாசி இருக்கக் கூடாது."

"அதைப் பிறகு பார்க்கலாம் நிரஞ்சனி. அங்கே ஒரு உயிர்..."

"தெரியும். அதுனால நான் போறேன். அந்தப் பொம்பளைக்கும் நம்ம வழக்குக்கும் சம்பந்தமில்ல. ஆனா டொக்டர் பக்கத்துல நின்னு சொல்லட்டும். நான் அதத் தமிழ்ல சொல்றேன். சொல்லிட்டு ஓட மாட்டேன். அந்த அம்மாவோட உக்காந்து அழுவேன். அதையும் எழுதணும்னா எழுதிக்கிங்க." கதவருகில் நின்றாள். "நான் திரும்பி வர்றதுக்குள்ள அது கிழிஞ்சிருக்கணும். அப்பா, நீங்க இங்கயே இருங்க."

மோகனராஜ் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மெடம் அவரைப் பார்த்துச் சிரித்தார். யார் சிரித்தாலும் திருப்பிச் சிரிக்காமல் விட்ட பழக்கம் மோகனராஜுக்குக் கிடையாது. விடிகிற நேரத்தில் வரி கேட்டு வருகிறவனுக்குக்கூடச் சிரித்தவர். இன்றைக்கு அவர் சும்மா இருந்தார். பேசவுமில்லை. பேரத்தில் சும்மா இருப்பவனைப் போலக் கஷ்டமான ஆள் கிடையாது என்பது மெடத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்கு இறங்கும் படிக்கட்டில் நிரஞ்சனி குடையில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. ஒரு படியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேகமாக இறங்கினாள். 'மூஞ்சியத் தொடச்சிட்டு வா' என்ற வார்த்தை மோகனராஜின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவர் கடித்து விழுங்கினார்.

பின்னால் அலுமாரி திறந்தது. கோப்பு புரண்டது. பிறகு கடதாசி கிழிபடும் சத்தம், நடுவில் ஒரு தரம் தயங்கி, முழுதாகக் கேட்டது.

"சரிதானே?" என்றார் மெடம்.

மோகனராஜ் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மத்தக் கொப்பியும் மெடம்."